ஓடிபி வராத இடத்தில் ஒரு வைஃபை: டீக்கடையில் இரண்டு மழைக்காலம்

கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகிற வழியில் எங்கள் டீக்கடை. டீ, வர்க்கி, மழை நாளில் மிளகாய் பஜ்ஜி. ரோடு வளைந்து இறங்குகிற இடம் என்பதால் கடைக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். வைஃபை போட்டது ஊர்ச் சேவைக்காக எல்லாம் இல்லை. "அண்ணா, ஜிபே சுத்திக்கிட்டே இருக்கு" என்று சில்லறையும் இல்லாமல் நிற்கிறவர்களிடம் டீக்காசு வாங்க வேறு வழி தெரியவில்லை.

முதலில் பாஸ்வேர்டை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரே வாரத்தில் டீ குடிக்காதவர்களும் காரை ஓரங்கட்டி உள்ளேயே உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்தார்கள். அது பரவாயில்லை. யாராவது அந்த நெட்டில் ஏடாகூடமாக ஏதாவது செய்தால் முதலில் தேடி வருவது கனெக்ஷன் யார் பேரில் இருக்கிறதோ அவர்களிடம்தான் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்ன அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அட்டையைக் கிழித்துவிட்டேன்.

அப்புறம்தான் பிஎம்-வாணி பக்கம் போனேன். மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்த திட்டம். டீக்கடை, பெட்டிக்கடைகூட லைசென்ஸ், பதிவுக் கட்டணம் எதுவும் இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். யார் வருகிறார் என்று சரிபார்ப்பது, கணக்கு வைப்பது எல்லாம் மேலே இருக்கும் ஒருங்கிணைப்பு நிறுவனத்தின் வேலை. நமக்கு வேண்டியது பிராட்பேண்டும் ஒத்துவருகிற ஒரு ரவுட்டரும். வீட்டு பிளானைக் கடையில் பங்கு போட்டுக் கொடுக்கக்கூடாது என்று நெட் கம்பெனி சொன்னது. வணிகக் கனெக்ஷனுக்குக் கேட்ட தொகையில் ஒரு பால் மாடு வாங்கியிருக்கலாம். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் போட்ட உத்தரவு வந்தபிறகுதான் மூச்சு வந்தது: வாணி கடைகளுக்கு 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான பிளானுக்கு, அதே வேகத்து வீட்டு பிளானைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது.

மாட்டியது ஒரே மதியத்தில் முடிந்தது. மாட்டிய அன்றே கூத்தும் ஆரம்பித்தது. உள்ளே நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வரும். எஸ்எம்எஸ் வர சிக்னல் வேண்டும். சிக்னல் இருந்தால் என் வைஃபை எதற்கு? எதிரில் இருக்கிற கல்வெர்ட்டு மேல் ஏறி நின்றால் ஓடிபி வரும். ஆறு மாதம் வாடிக்கையாளர்கள் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கல்வெர்ட்டு மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு தடவை ஏறினால் போதும், அடுத்த முறை ரவுட்டருக்கே அடையாளம் தெரியும். ஆனால் ரவுட்டர் அடையாளம் பார்ப்பது போனின் மேக் முகவரியை வைத்து, சில புதுப் போன்கள் அதை அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. அவர்களுக்கு மறுபடியும் கல்வெர்ட்டு.

இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கு மட்டும் ஓடிபிக்குப் பதிலாகத் தனியாகச் சீட்டு வைத்திருக்கிறேன். அடையாள அட்டையைப் பார்த்து, பெயரும் நேரமும் நோட்டில் எழுதி, முப்பது நிமிஷத்துக்கு ஒரு சீட்டு. நோட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

மே மாதம் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும்போது கடையில் நிற்க இடம் இருக்காது. முதல் வருஷம் அந்த நாட்களில் மதியத்துக்கு மேல் யாருக்கும் நெட் கிடைக்கவில்லை. 'ஐபி முகவரி பெறுகிறது' என்று போன் சுற்றும், அவ்வளவுதான். லைன் கோளாறு என்று நெட் கம்பெனிக்குப் பத்து தடவை போன் போட்டேன். கோளாறு என்னிடமே. போனுக்கு ஒன்று என்று கொடுக்க ரவுட்டரிடம் மொத்தம் இருநூற்றைம்பது சொச்சம் ஐபி முகவரிதான், ஒவ்வொன்றையும் ஒரு நாளைக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தேன். காலையில் டீ குடித்தவர் ஊட்டி போய்ச் சேர்ந்தபிறகும் அவர் இடம் இங்கே காலியாகவில்லை. குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன், சரியாகிவிட்டது. கூடவே ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்தினேன். பணம் அனுப்ப, வாட்ஸ்அப் பார்க்க தாராளம். பில் மெஷினும் கேமராவும் தனிப் பெயரில் தனி நெட்வொர்க். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மழைதான் பெரிய பரீட்சை. எங்கள் பக்கம் ஐப்பசியில்தான் கொட்டும். மரம் சாய்ந்தால் கரண்ட் கம்பியோடு ஃபைபரும் போகும், பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கும். 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்றில் ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் சேர்த்துப் போட்டேன். மூன்று மணி நேரம் தாங்குகிறது. ஆனால் என் கடையில் விளக்கு எரிந்தாலும் நெட் இல்லாத நாட்கள் உண்டு. ஃபைபர் போகிற வழிக்குக் கரண்ட் தேவையில்லை, அது கிளம்புகிற இடத்துக்குத் தேவை. அங்கே பேட்டரி செத்திருந்தால் என் யுபிஎஸ் என்ன செய்யும்?

தகரக் கூரைக்கு உள்ளே ரவுட்டர் வைத்ததால் வெளிப் பெஞ்சுக்கு சிக்னல் போகவில்லை. தாழ்வாரத்தில் இன்னொரு வைஃபை பெட்டி மாட்டினேன். மூன்றாம் மாதம் வேகம் பாதியானது. கழற்றிப் பார்த்தால் கேபிள் முனையின் உலோகப் பல் எல்லாம் பச்சை பூத்திருந்தது. பனி நீர் கேபிள் வழியாகவே வழிந்து உள்ளே போயிருக்கிறது. இப்போது கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேலே ஏற்றியிருக்கிறேன். சொட்டு வளைவிலேயே விழுந்துவிடும். குரங்குக்கு மட்டும் மருந்து கிடைக்கவில்லை, வெள்ளை ஆன்டெனாவை இரண்டு தடவை முறித்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியிருக்கிறது.

காசு? வைஃபை கூப்பன் விற்று வருகிற பணம் மாத பில்லில் பாதிகூட இல்லை. நாலு மணி பஸ்ஸில் இறங்குகிற காலேஜ் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் இறக்குகிறார்கள், ஆளுக்கொரு டீ ஓடுகிறது. எஸ்டேட் அக்கா ஒருவர் சனிக்கிழமை வந்து திருப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசுவார். போன வாரம் லைன் இல்லாதபோது அவர் என்னிடம் கேட்டது: "தம்பி, கல்வெர்ட்டு மேல ஏறுனா இப்பவும் கிடைக்குமா?"