மாலத்தீவுல மாண்டா பார்த்த கதை: கடலுக்கு அஞ்சு ஸ்டார், கெஸ்ட்ஹவுசுக்கு ரெண்டரை

மாலத்தீவுன்னாலே தண்ணி மேல கட்டின வில்லா, ஒரு நைட்டுக்கு அரை லட்சம்னு நெனச்சு நாங்க பல வருஷமா அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. ஆனா 2009லயே ஜனங்க குடியிருக்கிற தீவுகள்லயும் கெஸ்ட்ஹவுஸ் நடத்த விட்டுட்டாங்களாம், போன ஆகஸ்ட்ல நானும் வீட்டம்மாவும் பா அட்டோல்ங்கிற பவளத்தீவுக் கூட்டத்துல ஒரு சின்னத் தீவுல நாலு நைட் தங்கிட்டு வந்தோம். கெஸ்ட்ஹவுஸ் பேரு வேண்டாம், ஏன்னா திட்டப் போறேன்.

முதல்ல நல்லதச் சொல்லிடுறேன். ஹனிஃபாரு பே, அதே அட்டோல்ல இருக்கிற ஒரு சின்ன வளைகுடா. ஃபுட்பால் கிரவுண்ட் அளவுக்குத்தான் இருக்கும், தென்மேற்குப் பருவக்காத்து நேரத்துல கடல் ஓட்டம் பிளாங்டன்ங்கிற மிதக்குற நுண்ணுயிர்கள உள்ள தள்ளிவிடும், அது வெளிய போக முடியாம அங்கயே தேங்கி நிக்க, அதைத் தின்ன மாண்டாங்கிற பெரிய திருக்கை மீன் கூட்டமா வரும். எங்க தூத்துக்குடி பக்கம் கொம்புத் திருக்கைன்னு சொல்வோமே, அந்த ஜாதிதான். ஒவ்வொண்ணும் மூணு மீட்டருக்கு மேல, வாயை ஆன்னு தொறந்துக்கிட்டு நம்ம மூஞ்சிக்கு நேரா வந்து கடைசி செகண்ட்ல கீழ இறங்கும் பாருங்க, மூச்சு விடுற ஸ்நார்க்கல் குழாய் வாயில இருக்கிறதயே மறந்து கத்திட்டேன், ரெண்டு மடக்கு உப்புத்தண்ணி உள்ள போச்சு.

ரூல்ஸ் கெடுபிடி. சிலிண்டர் கட்டிக்கிட்டு முங்குற ஸ்கூபா கூடவே கூடாது, கைடு இல்லாம இறங்க முடியாது, ஒரே நேரத்துல 80 பேருக்கு மேல தண்ணில இருக்கக் கூடாது, 45 நிமிஷம் ஆச்சுன்னா மேல ஏறிடணும், ரேஞ்சரோட படகு பக்கத்துலயே நிக்குது. நான் கொஞ்சம் கீழ முங்கிப் பாக்கலாம்னு போனேன், கைடு காலைப் புடிச்சு இழுத்துட்டான். "நீங்க சும்மா மெதங்குங்க பிரதர், அதுவே வரும்"னான். வந்துச்சு. காசு குடுத்து வந்த என்னையே அதட்டுறாங்களேன்னு முதல்ல கடுப்புதான், ஆனா மாண்டா பாக்க வர்றவங்களால மட்டும் அந்த நாட்டுக்கு வருஷம் 81 லட்சம் டாலர் வருதுன்னு 2006-08லயே கணக்குப் போட்டிருக்காங்க, வெட்டி வித்தா ஒரு தடவைதான காசு. அப்ப அதட்டட்டும்.

சாப்பாடும் பழுதில்ல. காலைல ரொஷிங்கிற சப்பாத்தியும் மஸ் ஹுனியும், மஸ் ஹுனின்னா சூரை, தேங்காய், வெங்காயம், மிளகா, எலுமிச்சை போட்டுப் பிசைஞ்சது. நம்ம மாசிக்கருவாட்டுச் சம்பலோட அண்ணன்காரன்னு வச்சுக்கலாம், மாசியே அங்கருந்து வந்ததுதான. சூரையெல்லாம் தூண்டில்ல ஒண்ணொண்ணாப் புடிக்கிறது, வலை போட அங்க விடமாட்டாங்க. ஆனா தட்டுல அந்த மீனும் தேங்காயும் மட்டும்தான் தீவுது, மாவு, வெங்காயம், முட்டை எல்லாம் கப்பல்ல வர்றது. எங்க ஊர் தோணில காய்கறி அவங்க தலைநகர் மாலேக்குப் போறத சின்ன வயசுல பாத்திருக்கேன், அதத் தின்னதுதான் இந்தத் தடவை புதுசு. அவங்க ஊர்லயும் படகுக்குப் பேரு தோணிதான்.

இப்ப கெஸ்ட்ஹவுஸ். வாசல்ல பெருசா "இகோ ஃப்ரெண்ட்லி"ன்னு போர்டு. உள்ள ரூம் க்ளீன் பண்ற தம்பி தினமும் நாலு ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் வச்சுட்டுப் போறாப்ல. அரை லிட்டர் பாட்டிலுக்குத் தடை இருக்கு, அதுக்குப் பெரிய பாட்டில் வாங்கிட்டா இகோ ஆயிடுமா? கடல்தண்ணிய நல்லதண்ணியாக்கிக் குழாய்ல விடுறாங்க, ஃபில்டர் வச்சுக் குடுக்க வேண்டியதுதான. கேட்டதுக்கு மேனேஜர் "கெஸ்ட்ஸ் லைக் பாட்டில் சார்"னாரு. பெட்ஷீட்டை மாத்த வேண்டாம்னு கார்டு மாட்டியும் தினமும் மாத்துனாங்க, நாங்க வெளிய போனாலும் ஏசி ஓடிக்கிட்டே இருக்கு, கரண்டோ டீசல் ஜெனரேட்டர்ல வர்றது, அந்த டீசலும் கப்பல்லதான்.

பில்லுல கிரீன் டாக்ஸ்னு தனியா வரும், பயந்துடாதீங்க. சின்ன கெஸ்ட்ஹவுஸ்ல ஒரு ஆளுக்கு ஒரு நைட்டுக்கு 6 டாலர், 2025 ஜனவரி வரைக்கும் 3தான் இருந்துச்சு, ரிசார்ட்ல 12. எங்க ரெண்டு பேருக்கும் 48 டாலர். குப்பை, கழிவுநீர் வேலைக்குத்தான் அந்தக் காசு போகுதாம், குடுக்கலாம். எனக்கு வயிறெரிஞ்சது டாக்ஸுக்கு இல்ல, அதைக் கட்டிட்டு நாலு நாள்ல பதினாறு பாட்டில் குப்பை போட்டுட்டு வந்ததுக்கு.

போறவங்க மே டு நவம்பர்ல, அமாவாசை பௌர்ணமி ஒட்டி ப்ளான் பண்ணுங்க, அப்பதான் மாண்டா கூட்டம் சேரும். எங்களுக்கு முதல் நாள் ஒண்ணு கூட வரல, ரெண்டாவது நாள்தான். குடியிருக்கிற தீவுல சரக்கு கிடையாது, பிகினிக்குத் தனி பீச். ஸ்டீல் பாட்டில் ரெண்டு கையோட எடுத்துட்டுப் போங்க, கிச்சன்ல இருக்க அண்ணன்கிட்ட நேரா நீட்டுனா ரொப்பித் தருவாரு. எங்களுக்கு இது கடைசி நாள்தான் தெரிஞ்சுது.