திருகோணமலையில் பள்ளிச் சீருடை: இலவசத் துணியா, ரெடிமேட்டா, தையற்கடையா?

பாடசாலையில் கிடைக்கும் இலவசத் துணியை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, மத்திய வீதிக்குப் போய்க் கடைத்துணி எடுக்கும் வீடுகள் திருகோணமலையில் குறைவில்லை. கேட்டால் 'அரசாங்கத் துணி மட்டம்' என்பார்கள். துணியைக் கையில் பிடித்துப் பார்த்தால் இந்தப் பேச்சில் பெரிய நியாயம் இல்லை. சேட்டுக்கும் சட்டைக்கும் அது போதும். சீருடை ஆறு மாதத்தில் பழசாவதற்குத் துணியைவிட வெட்டும் தையலும் கிணற்றுத் தண்ணீரும்தான் கூடுதலான காரணம். இலவசத் துணி, கடைத்துணி, ரெடிமேட், தையற்கடை என்ற நாலையும் தரம் 6 முதல் 13 வரையான பிள்ளைகளின் தேவையை வைத்துத்தான் இங்கே பார்க்கிறோம். விலை மாதத்துக்கு மாதம் ஆடுவதால் அதை எழுதவில்லை.

இலவசச் சீருடை 1993இல் தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள், பிறகு மீண்டும் துணிக்கே திரும்பினார்கள். 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் அன்பளிப்பு. ஆண், பெண், தரம் என்பவற்றைப் பொறுத்து அளவு மாறும். கிடைப்பது ஒரு பிள்ளைக்கு ஒரு சோடிக்குரிய துணி. கிழமைக்கு ஐந்து நாள் வெள்ளை போடும் பிள்ளைக்கு ஒன்று காணாது, மூன்று சோடி வேண்டும் என்பதால் மற்ற இரண்டையும் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். தெரிவு என்பது அங்கேதான் வருகிறது.

கடையில் 'நூறு வீதம் கொட்டன்' என்று சொன்னால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் பிடியுங்கள். பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். கலவை என்றால் இரண்டும் தெரியும். சீருடைத் துணியில் 65 வீதம் பொலியெஸ்டரும் 35 வீதம் பருத்தியும் கலந்தது சாதாரணம், திருகோணமலை வெயிலுக்கு அது பரவாயில்லை. முழுப் பொலியெஸ்டர் கசங்காது, ஆனால் வேர்வையை உறிஞ்சாது. பங்குனி, சித்திரையில் பின்னேரம் வீடு வரும் பிள்ளையின் முதுகைப் பார்த்தால் விளங்கும். முழுப் பருத்தி உடம்புக்குச் சுகம், ஒவ்வொரு நாளும் அயன் பண்ண ஆள் இருக்க வேண்டும்.

அடுத்தது கண்ணாடிச் சோதனை. துணியை ஒற்றையாக உள்ளங்கையில் இழுத்துப் பிடியுங்கள். ரேகை தெரிந்தால் சேட்டுக்குக்கூட யோசிக்க வேண்டும், வெள்ளை நீளக் காற்சட்டைக்கு வேண்டவே வேண்டாம். நீளக் காற்சட்டைக்கு சேட் துணியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரமுள்ள துணி தேவை. சேட்டுக்கு எடுத்த துணியிலேயே அதையும் தைத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. மழையில் ஒருதரம் நனைந்தால் பிள்ளை அன்றைக்கே அதைக் கழற்றி எறிந்துவிடும். வெள்ளையிலும் இரண்டு வெள்ளை உண்டு, நீலம் பாய்ந்தது ஒன்று, பால் நிறம் மற்றது. கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும், மைதானத்தில் தெரியாது. மேல் உடம்புக்கும் பாவாடைப் பகுதிக்கும் ஒரே றோலில் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளின் பிளீட் சட்டைதான் முழுக் கணக்கும். இதில்தான் பணமும் துணியும் வீணாகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாக.

இரண்டு பக்கமும் துணி உள்ளே மடிந்து நிற்கும் பெட்டி மடிப்பு ஒன்று தன் அகலத்தைப் போல மூன்று மடங்கு துணியை உண்ணும். இரண்டு அங்குல மடிப்புக்கு ஆறு அங்குலம். இடுப்பு 26 அங்குலம் என்றால் தளர்வோடு 28 வைத்து, பதினாலு மடிப்புக்கு 84 அங்குலம் வேண்டும். மூட்டுத் தையலுக்கு ஒரு மூன்று சேர்த்தால் 87. துணியின் அகலம் 44 அங்குலம் என்றால், முழு அகலத்துக்கும் வெட்டிய இரண்டு பட்டை 88, கச்சிதம். பாவாடை நீளம் 24, கீழ் மடிப்புக்கும் மூட்டுக்கும் 4 என்று ஒரு பட்டைக்கு 28 அங்குலம், மேல் உடம்பு, கை, கொலருக்கு இன்னும் ஒரு மீற்றர் வைத்தால் மொத்தம் இரண்டரை மீற்றர். அகலம் 36 அங்குலமாக இருந்தால் இரண்டு பட்டை 72தான் வரும், 15 அங்குலம் குறையும். மூன்றாவது பட்டை போட வேண்டும், மூன்றேகால் மீற்றருக்கு மேல் போய்விடும். 58 அங்குல அகலத்தில் ஒன்றரைப் பட்டை போதும், மிஞ்சிய அரைப் பட்டையில் கையும் கொலரும் எடுத்துவிடலாம், இரண்டு மீற்றரை ஒட்டி முடியும். ஆகவே கடையில் 'எத்தனை மீற்றர்' என்று கேட்பதற்கு முன் 'அகலம் என்ன' என்று கேளுங்கள். இலவசப் பொதியையும் பிரித்தவுடன் நாடா வைத்து அகலத்தை அளவுங்கள்.

துணி குறைந்தால் எல்லா டெய்லரும் அதைச் சொல்வதில்லை. மேலே இரண்டு அங்குலப் பெட்டி தெரிய, உள்ளே மடிக்கும் துணியை மட்டும் குறைத்து, ஆறுக்குப் பதில் நாலு அங்குலத்தில் மடிப்பை முடித்துவிடுவார்கள். தொங்கவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிள்ளை கதிரையில் இருந்தவுடன் மடிப்பு பிளந்து விரியும், இரண்டு கழுவலில் கோடு அழியும், பாவாடை குடைச்சீலை மாதிரி நிற்கும். பெரும்பாலோர் 'அரசாங்கத் துணி' என்று திட்டுவது இந்தச் சட்டையைத்தான். துணி கொடுக்கும்போதே 'அண்ணா, முழு மடிப்பா அரை மடிப்பா?' என்று கேட்டுவிடுங்கள். துணி காணாவிட்டால் மடிப்பின் எண்ணிக்கையைக் குறைத்து ஆழத்தை விடச் சொல்லலாம், அது கண்ணுக்கும் உறுத்தாது. உங்கள் பாடசாலை மடிப்புக்கு எண்ணிக்கை சொல்லியிருந்தால் மட்டும் இந்த வழி இல்லை.

வளரும் பிள்ளைக்கு விட வேண்டியவை: கீழ் மடிப்பில் மூன்றரை அங்குலம், பக்கத் தையலில் ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம், இடுப்பு மூட்டுக்கு உள்ளே ஒளிந்த ஒரு மடிப்பு. பதினொன்றுக்கும் பதினாலுக்கும் இடையில் ஆண்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் உயரும் பிள்ளைகள் உண்டு, ஒன்றரை அங்குலக் கீழ் மடிப்பு அவர்களுக்கு ஒரு தவணைக்குத்தான். பிரித்து இறக்கும்போது பழைய மடிப்புக் கோடு சாம்பல் நிறமாகத் தெரியும், மடிப்பு விளிம்பில் அழுக்கு ஊறி நிற்பதுதான் காரணம். இறக்கிய பிறகு அயன் பண்ணாமல் முதலில் அந்தக் கோட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கோடு அயன் பட்டால் கோடு நிலைத்துவிடும்.

வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் காயப்போட்டுக் கொடுப்பது நல்லது. பருத்தி மூன்று வீதம் சுருங்கினால் 40 அங்குலச் சட்டையில் ஒன்றேகால் அங்குலம் போய்விடும். முழங்காலுக்குக் கீழே நின்ற விளிம்பு முழங்காலுக்கு மேலே வரும், அடுத்த திங்கட்கிழமை வாசலில் மாணவத் தலைவி மறிப்பார்.

ரெடிமேட் பிளீட் சட்டை? எங்கள் பார்வையில் வேண்டாம். கீழ் மடிப்பும் பக்கத் தையலும் ஒட்ட நறுக்கித்தான் வருகின்றன, பெருப்பிக்க வழியில்லை. ஆண் பிள்ளைகளின் அரைக்கைச் சேட்டுக்கு ரெடிமேட் தாராளமாக எடுக்கலாம், தையற்கூலி மிச்சம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லாத் தெறியையும் ஒருதரம் கையால் தைத்துவிடுங்கள். மலிவு சேட்டில் தெறி ஒற்றைச் சங்கிலித் தையலில் நிற்கும், நுனி நூல் ஒன்றை இழுத்தால் முழுத் தெறியும் கையோடு வரும். பொக்கெற்றின் இரண்டு மேல் மூலையிலும் முக்கோணத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள், பேனை கொழுவிக் கொழுவி முதலில் கிழிவது அங்கேதான். கொலரை விரலால் நசுக்கிப் பாருங்கள், உள்ளே ஒட்டிய கன்வஸ் சரசரவென்று தனியாக அசைந்தால் மூன்றாவது கழுவலில் கொப்புளம் கிளம்பும். பாடசாலைச் சின்னத்தை இயந்திரத்தில் தைக்க வேண்டாம், கையால் ஓட்டுத் தையல் போட்டால் அடுத்த சேட்டுக்குப் பிரித்துக் கொண்டுபோகலாம்.

காற்சட்டையில் பிரச்சினை கவட்டுத் தையல். ஒற்றைத் தையல் நிற்காது, இரட்டைத் தையல் போட்டு ஓரத்தை ஓவர்லொக் பண்ணச் சொல்லுங்கள். ஸிப் நைலோனாக இருக்கட்டும். கடல் காற்றில் இரும்பு ஸிப்பும் கொழுக்கியும் துருப்பிடித்து வெள்ளையில் கறை இறக்கும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். சின்னத்தை ஊக்கால் குத்தி அப்படியே கழுவப் போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும். நீலக் காற்சட்டையை உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காயவிட்டால் நிறம் ஓராண்டு தாங்கும்.

இனி விதி. நீலக் காற்சட்டையிலிருந்து வெள்ளை நீளக் காற்சட்டைக்கு எந்தத் தரத்தில் மாறுவது, ரை எந்தத் தரத்திலிருந்து, ரிப்பன் என்ன நிறம், கொலர் வட்டமா கூரா, சப்பாத்து கறுப்பா வெள்ளையா என்பவை பாடசாலைக்குப் பாடசாலை மாறும். ஸ்ரீ சண்முகாவுக்கு வெட்டிய சட்டை புனித மரியாளுக்குப் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. தரம் 5 புலமைப்பரிசிலுக்குப் பிறகு பாடசாலை மாறும் பிள்ளைக்கு அனுமதி உறுதியாகும் வரை துணியில் கத்தரிக்கோல் வைக்க வேண்டாம். பழைய மாணவியின் சட்டை ஒன்றை இரவல் வாங்கி மாதிரிக்குக் கொடுப்பதுதான் டெய்லருக்கு வாயால் விளக்குவதைவிட நல்லது. பெரிய வகுப்புப் பெடியன்களின் காற்சட்டையில் மட்டும் மாதிரியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடாமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். 'கொஞ்சம் ஒடுக்கி அடியுங்கோ' என்று இரகசியமாகச் சொல்லி, கால் நுழையாத அளவில் வாங்கி வருவார்கள். ஒடுக்கியபோது உள்ளே இருக்கும் துணியை வெட்டி எறிந்திருந்தால் திரும்பப் பெருப்பிக்கவும் முடியாது.

முஸ்லிம் மாணவிகளின் உடையில் தையல் இலகு, பர்தாதான் நுணுக்கம். வழுக்கும் துணி ஊக்கை நம்பித்தான் நிற்கும், ஊக்குத் துளைகள் சீக்கிரம் கிழியும். பருத்தி கலந்த மெல்லிய துணி தலையில் தானாகவே பிடித்து நிற்கும். பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்குக் காதைத் தெரியவைக்கும் விதத்தில் அணிந்து பழக்கமும் வேண்டும். 2024இல் திருகோணமலையில் 70 மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகள், காது மூடியிருந்தது என்ற முறைப்பாட்டின் பேரில் தடுத்து வைக்கப்பட்டதை இந்த ஊர் மறந்திருக்காது. அது சரியா பிழையா என்பது வேறு வழக்கு. மண்டபத்தில் நின்று ஊக்குக் கழற்றுவதைத் தவிர்ப்பதற்காகச் சொல்கிறோம்.

கழுவுவதில் தண்ணீரைப் பாருங்கள். உப்பும் சுண்ணமும் கூடிய கிணற்றுத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைக் கசடாகப் படிந்து துணியைச் சாம்பலாக்கும். அந்தத் தண்ணீருக்குச் சலவைத் தூள்தான் சரி. வாளியில் பிடித்துவைத்த தண்ணீர் காலையில் செம்மஞ்சளாக அடியில் படிந்தால் அதில் இரும்பு இருக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் குளோரின் திரவம் ஊற்றினால் கரைந்திருந்த இரும்பு துருவாகி நூலுக்குள் ஏறும், வெள்ளையாக்கப் போய் மஞ்சளாகும். இரவே பீப்பாயில் பிடித்துத் தெளியவிட்டு மேல் தண்ணீரை எடுங்கள். துருக்கறைக்கு எலுமிச்சம்புளியும் உப்பும் தடவி வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்து அலசுங்கள். நீலத்தைத் தனிக் கோப்பையில் கரைத்து வடித்துவிட்டுத்தான் வாளியில் ஊற்ற வேண்டும், கட்டியாகப் போட்டால் முதுகில் புள்ளி விழும்.

நேரமும் ஒரு விஷயம். ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் நத்தார், தையில் பொங்கல் என்று தையற்கடைகள் வரிசையாக நெருக்கத்தில் இருக்கும். ஜனவரியை ஒட்டிப் புதிய ஆண்டு தொடங்கும்போது மாரி மழையும் விட்டிருக்காது. அவசரத்தில் தைத்த சட்டையில் முதலில் வெட்டுப்படுவது கீழ் மடிப்பும் உள் ஓவர்லொக்கும்தான். தீபாவளி முடிந்த கையோடு, கார்த்திகை நடுவில் துணியைக் கொடுத்துவிடுங்கள். மழைக்கால ஈரத்தில் இரண்டு சோடி மாறி மாறிக் காயாது, மூன்று இருந்தால்தான் சமாளிக்கலாம்.

சப்பாத்து பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளுக்கு வவுச்சர் வருவதுண்டு. அதில் போட்டிருக்கும் திகதிக்கு முன், பெயர் குறித்த கடைகளில்தான் செல்லும், கடைசி நாளில் உங்கள் பிள்ளையின் அளவு இருக்காது. பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், பாடசாலைக்குப் போடும் அதே மேசோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடைவெளி விட்டு எடுங்கள். சட்டை வாங்கப் போகும்போது டெய்லரிடம் வெட்டுத் துண்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாண் துண்டு இருந்தால் கை இடுக்குக் கிழிசலுக்கு அதே வெள்ளையில் ஒட்டுப்போடலாம்.