காசனோவாவின் சுயசரிதை: எந்தப் பதிப்பை வாங்குவது?

அந்தரங்கத்தை ஒளிக்காமல் எழுதப்பட்ட சுயசரிதை என்றதும் பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸ் சாகசக்காரர் காசனோவாவின் ‘என் வாழ்க்கைக் கதை’தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பலர் படித்திருப்பது அவர் எழுதியதை அல்ல, இன்னொருவர் கைவைத்ததை.

பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) டுக்ஸ் கோட்டையில் நூலகராக இருந்தபோது காசனோவா இதைப் பிரெஞ்சில் எழுதினார். 1798இல் அவர் இறந்தபோது கதை 1774 வரைதான் வந்திருந்தது. கையெழுத்துப் பிரதியை வாங்கிய ஜெர்மனியின் புரோக்ஹாஸ் பதிப்பகம் அதைச் செப்பனிடும் வேலையை லஃபோர்க் என்ற, பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியரிடம் கொடுத்தது. அவர் நடையைத் திருத்தியதோடு நிற்கவில்லை. படுக்கையறைப் பக்கங்களை மழுப்பினார். பிரெஞ்சுப் புரட்சியை வெறுத்த மனிதரின் அரசியலையே மாற்றி எழுதினார். மூலம் அச்சேறத் தொடங்கியது 1960இல்தான்.

அதனால் முதலில் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்தர் மாக்கனின் ஆங்கில நூல் (1894) லஃபோர்க்கை நம்பி எழுந்தது. நடை அழகுதான், ஆனால் கேட்பது காசனோவாவின் குரல் அல்ல. வில்லார்ட் டிராஸ்க் மொழிபெயர்ப்பு (1966–71) மூலத்திலிருந்து வந்தது. பன்னிரண்டு தொகுதிகள், இரண்டிரண்டாகச் சேர்த்து ஆறு புத்தகங்கள். வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு, மூலத்தை வைத்து 2013–15இல் வந்த பிளெயாத் (பிரெஞ்சுச் செவ்வியல் நூல்வரிசை) பதிப்பு.

ஒரே புத்தகமாகச் சுருக்கியவை பெரும்பாலும் காதல் கதைகளை மட்டும் பொறுக்கி எடுத்தவை. சூதாட்டம், பாரிஸில் லாட்டரி நடத்திப் பணம் பார்த்தது, மறுபிறவி எடுக்க வைப்பதாகச் சொல்லி மதாம் துர்ஃபே என்ற பணக்காரப் பிரபுகுலப் பெண்ணை ஏமாற்றியது எல்லாம் வெட்டுப்படும். அவை இல்லாவிட்டால் இவர் வெறும் மன்மதனாகத் தெரிவார். எதில் பிழைத்தார், யாரைச் சுரண்டினார் என்பது புரியாது. தனக்கு வந்த பால்வினை நோய்களைக்கூட மறைக்காதவர் இவர்.

எழுதியதெல்லாம் உண்மையா? தேதிகள் அடிக்கடி பிசகும், சில பெண்களின் பெயர்களை முதலெழுத்துகளால் மறைத்திருக்கிறார். ஆகவே அடிக்குறிப்பு இல்லாத பதிப்பு வேண்டாம். 1756இல் வெனிஸ் சிறையிலிருந்து கூரை வழியாகத் தப்பிய கதை நம்ப முடியாததாகத் தோன்றும். ஆனால் அவர் உடைத்துச் சென்றதைச் சரிசெய்த செலவுக் கணக்கு அந்நகர ஆவணங்களில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: மிக இளம் பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை டிராஸ்க் மழுப்பவில்லை. அந்தப் பக்கங்கள் அருவருப்பூட்டும். பன்னிரண்டையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் சிறைத் தப்பல் வரும் நான்காம் தொகுதியில் தொடங்கலாம்.