குனியீயா, ஜெமினஸா? புள்ளியை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள்

ஊதாப் புள்ளி போட்ட ஓடில்லாக் கடல் நத்தையின் படத்துக்குப் பெயர் தேடினால், இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்து குழப்பும்: கோனியோபிராங்கஸ் குனியீ, கோனியோபிராங்கஸ் ஜெமினஸ். (பழைய கையேடுகளில் இரண்டையும் குரோமோடோரிஸ் என்ற பேரினத்தில் தேடுங்கள். 2012-ல்தான் இடம் மாறின.)

எல்லோரும் முதலில் பார்ப்பது புள்ளிகளை. அங்கேதான் ஏமாறுகிறோம். இரண்டுக்கும் மஞ்சள் சாயலான முதுகு, வெளிறிய வளையம் சூழ்ந்த ஊதாப் புள்ளிகள். புள்ளிகளை எண்ணிப் பயனில்லை, ஒரே இனத்துக்குள்ளேயே அவை மாறும்.

தீர்ப்பு சொல்வது மேல் போர்வையின், அதாவது முதுகை மூடியிருக்கும் தோலின், ஓரம். குனியீக்கு ஓரத்தில் இரண்டே பட்டை: வெளியே ஊதா, உள்ளே நீலம். ஜெமினஸின் வெளி விளிம்பு பளிச்சென்ற வெள்ளை. அதற்கு உள்ளே இன்னும் சில நிறப்பட்டைகள் அடுக்கடுக்காக வரும். நேரில் பார்த்தால் குழப்பமே வராது, படத்தில்தான் வம்பு. ஃபிளாஷ் அதிகமானால் வெள்ளை விளிம்பு பக்கத்துப் பட்டையையும் விழுங்கிவிடும். வெளிச்சம் போதாவிட்டால் ஊதாவும் நீலமும் ஒரே இருட்டுப் பட்டையாகிவிடும். அதனால் ஒரு படமாவது ஃபிளாஷைக் குறைத்து எடுங்கள்.

அடுத்த சாட்சி இடம். குனியீ 1930-ல் விவரிக்கப்பட்டது. மேற்கு பசிபிக்கின் இனம். ஜெமினஸ் 1987-ல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா, இலங்கை என்று இந்தியப் பெருங்கடல் பக்கம். செங்கடல் படத்துக்குக் குனியீ என்று யாராவது பெயர் போட்டால் நான் உடனே சந்தேகப்படுவேன். மாலத்தீவில் மட்டும் இந்தக் கணக்கு போதாது. அங்கே 1994-ல் விவரிக்கப்பட்ட ட்ரைடோஸ் என்ற, இதே சாயலுள்ள மூன்றாவது இனமும் உண்டு.

ஊர்ந்து போகும்போது போர்வையின் முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போடும் பழக்கத்தைச் சிலர் குனியீயின் அடையாளமாகச் சொல்வார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஜெமினஸும் அதையே செய்யும், இதே பேரினத்தின் இன்னொரு இனமான லியோபார்டஸும் செய்யும். ஊதா ஓரத்தோடு சிறுத்தைபோலப் பழுப்பு வளையங்கள் இருந்தால் அது லியோபார்டஸ், மேலே யோசிக்க வேண்டாம்.

ஓரம் தெளியாத படமென்றால் கோனியோபிராங்கஸ் என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வேன். இடத்தை மட்டும் நம்பி இனப்பெயர் போடமாட்டேன்.