பல்லைக் கடித்து இருப்பதா, ராஜினாமா கடிதம் கொடுப்பதா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். எல்லார் முன்னாலும் திட்டும் சூப்பர்வைசர், எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் வெட்டப்படும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை), ஞாயிறு ராத்திரி வாட்ஸ்அப் மிரட்டல். ஒருநாள் என்றால் கோபம். மாதக்கணக்கில் என்றால் அந்த இடமே கெட்டுவிட்டது.

பணம்
இருந்தால்: சம்பளமும் இ.பி.எஃப். சேமநிதியும் ஓடும்.
போனால்: நாமாக விலகினால், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை இழப்பு உதவித்தொகை பொதுவாகக் கிடையாது. பலருக்கு இது கடிதம் நீட்டிய பிறகுதான் தெரிகிறது.

சட்டம்
இருந்தால்: தேதி, நேரம், யார் பார்த்தார் என்று எழுதி வையுங்கள். சம்பளத்தில் கைவைத்தால் லேபர் ஆபிஸ்.
போனால்: ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி எதுவும் இல்லையென்றால் 1955 வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், 5 ஆண்டுக்குக் குறைந்தால் 6, அதற்கு மேல் 8. முதலாளியின் கொடுமையே உங்களை விரட்டியது என்றால் அதைப் பணிநீக்கமாக வாதாடலாம். 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்கணும். முதலில் யாரிடமாவது ஆலோசனை கேளுங்கள், நிரூபிப்பது லேசில்லை.

உடம்பு
இருந்தால்: ஆலை கேட்டில் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்த ஆள் நான்.
போனால்: முதல் வாரம் தூக்கம். இரண்டாம் வாரம் கார் தவணை.

வீட்டில் ஒரே சம்பளமா? இருந்துகொண்டே ஈப்போ பக்கம் வேறு வேலை தேடுங்கள். அடி, பாலியல் தொல்லை என்றால் தவணையைப் பார்க்காதீர்கள். போலீஸ் ரிப்போர்ட், அன்றைக்கே.