சம்பா பாக்கியிருக்கும்போதே ஸ்டீமில் கடை போட்டேன்

கும்பகோணத்து வீட்டு மாடியில் இரண்டு ஆண்டுகளாக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறேன். மேட்டூர் திறந்ததும் கல்லணைக்கு வரும் நீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்துவிட்டுக் கடைமடைப் பயிரைக் காப்பாற்ற வேண்டும். குறுவைப் பகுதி முடிந்தது. சம்பாப் பகுதி பாக்கி. இந்த நிலையில்தான், கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பணம் கட்டினேன்.

விளையாட்டு ஒன்றுக்குக் கட்டணம் 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அது திரும்பக் கிடைக்கும். ஐந்து டாலர் விலையென்றால், வாங்கியவர்கள் திருப்பியது போக 200 பிரதிகள் விற்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் 30 விழுக்காடு ஸ்டீமுக்குப் போகிறது. விளையாட்டுகளை விற்கும் இன்னொரு தளமான இட்ச்.ஐஓவில் நுழைவுக் கட்டணமே இல்லை, பங்கையும் நாமே குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஆளை நாம்தான் அழைத்துவர வேண்டும்.

பணம் கட்டிய பின் 30 நாள் காத்திருக்க வேண்டும், ‘விரைவில்’ என்ற அறிவிப்புப் பக்கம் இரண்டு வாரமாவது இருக்க வேண்டும் என்ற விதிகளை முதலில் தொல்லையாகவே நினைத்தேன். உண்மையில் இச்சேவையின் பயன் அங்கேதான் இருக்கிறது: முடிந்த குறுவையை இலவச டெமோவாக வைத்தால், பிடித்தவர்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள், வெளியீட்டன்று அவர்களுக்கு மின்னஞ்சல் போகிறது. குறுவையை மட்டும் தனியாக விற்கலாமென்றால், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியவர் 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். என் குறுவையோ ஒன்றரை மணி நேரத்தில் அறுவடையாகிவிடும். முடியாத விளையாட்டை முன்கூட்டியே விற்கும் ‘எர்லி ஆக்சஸ்’ வழியையும் விட்டுவிட்டேன். பால் பிடிக்கும் கதிரை அறுத்தால் களத்தில் பதர்தான் மிஞ்சும்.

என்னை அலைக்கழித்தது பெயர்தான். பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாக இருக்கிறது, வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது. ஸ்டீமோ இரண்டும் பொருந்த வேண்டும் என்கிறது. அதைத் திருத்த வங்கிக் கிளைக்கு மூன்று முறை நடந்தேன். வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு கவனமாக நிரப்புங்கள்; இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி, அமெரிக்க விற்பனையில் பிடிக்கும் வரி 30 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறையும்.

ஸ்டீம் ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் டெமோ விழாவில் ஒரு விளையாட்டு ஒரே முறைதான் கலந்துகொள்ள முடியும். ஆகவே சம்பாவை முடித்துவிட்டு, ஜூன் விழாவுக்குப் பெயர் கொடுக்கப்போகிறேன். மேட்டூர் திறக்கும் மாதமும் அதுதானே.