டம்ப்ளிங் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

டம்ப்ளிங் என்பது கொழுக்கட்டை மாதிரி, மாவுக்குள் இறைச்சியோ இறாலோ மரக்கறியோ வைத்து மடித்து அவிப்பது. மட்டக்களப்பு டவுனுக்குள் அதற்கென்றே பெயர் எடுத்த சைனீஸ் கடை ஒன்று இருக்கிறது. பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களும், வெள்ளி செவ்வாயில் மச்சம் தொடாதவர்களும் எந்த டம்ப்ளிங் கடைக்குள் போவதென்றாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்த காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைக்கு அம்பாறைக்கு இடமாற்றம் வந்தது. பிரியாவிடைச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது அவரே சொன்ன கடை இது. மூங்கில் கூடையின் மூடியைத் திறந்ததும் ஆவி கிளம்பும் வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு, கடை நிரம்பி வழிந்தது. மேசை சொல்லி வைத்திருந்தும் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். பெயர்போன கடை என்றால் கூட்டம் இருக்கும்தானே, அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

மெனுவைத் திறந்ததும் பன்றி டம்ப்ளிங் கண்ணில் பட்டது. வேறு கடைக்குப் போவோமா என்று நான் கேட்டேன். எல்லாரும் இவ்வளவு நேரம் நின்றுவிட்டோம், எனக்கு இறால் மட்டும் போதும் அக்கா என்றார் பிள்ளை. பிறகு வெயிட்டரைக் கூப்பிட்டு வடிவாகவே கேட்டார்.

“தம்பி, இறால் டம்ப்ளிங்கில பன்றி ஏதும் சேருமா? குசினியில கேட்டுச் சொல்லுங்க.”

“இல்ல மெடம், இறால் மட்டும்தான். அவிக்கிறதும் தனிக் கூடை.”

குசினிப் பக்கம் அந்தத் தம்பி போகவே இல்லை. நின்ற இடத்திலேயே சொன்ன பதில் இது.

கூடை வந்தது. இறால் டம்ப்ளிங்குக்குப் போடும் மாவு வேறு. கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாப்பொருளில் செய்வதால் அவிந்ததும் தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பு வெளியே தெரிய வேண்டும். எங்களுக்கு வந்தது ஆறிப்போன கொழுக்கட்டைத் தோல். மடிப்பு எல்லாவற்றிலும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. வாசலில் “தினமும் கையால் செய்வது” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், எந்தக் கை இப்படி அச்சுப் பிசகாமல் மடிக்கும்? உறைய வைத்து விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. சீனாவில் வீட்டிலேயே செய்து ஃப்ரீசரில் போட்டு வைப்பார்கள். உறைந்தபடியே ஆவியில் ஏற்றினால் நன்றாகத்தான் இருக்கும். வெளியே எடுத்து வைத்து இளக விட்டால்தான் தோல் ஈரம் பிடித்துக் கிழியும். எங்களுக்கு வந்ததில் பாதி கிழிந்திருந்தது.

கிழிந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளை இரண்டு சாப்பிட்டு முடித்திருந்தார். மூன்றாவதை முள்ளுக்கரண்டியால் எடுக்கும்போது அது பிரிந்து பீங்கானில் விழுந்தது. உள்ளே இறால் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்ன இறால், இரண்டாக வெட்டியது. அதைச் சுற்றி அரைத்த இறைச்சி மாதிரி ஒன்று, நடுவில் அரிசி அளவில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு. இறாலில் கொழுப்பு ஏது? வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இறால் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெயிட்டரைக் கேட்டோம், முழித்தார். கெஷியரைக் கேட்டோம், “சீன முறைப்படி செய்றது” என்றார். கடைசியில் குசினியிலிருந்து ஒருவர் வந்து கையைத் துடைத்துக்கொண்டே உள்ளதைச் சொன்னார். இறால் மட்டும் போட்டால் அவிந்ததும் காய்ந்து இறுகிவிடுமாம், அதனால் கொஞ்சம் பன்றிக் கொழுப்பும் இறைச்சியும் சேர்ப்பார்களாம். “ருசிக்குக் கொஞ்சம்தான் அக்கா.”

அவர் சொன்ன சமையல் முறை சரி. பழைய கன்டோனீஸ் முறையில் இறால் டம்ப்ளிங்குக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்மைதான். அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை, அவராவது ஒளிக்கவில்லை. அதை மெனுவில் எழுதாததும், நேருக்கு நேர் கேட்டபோது இல்லை என்று சொன்னதும்தான் அநியாயம். பன்றி விற்பது அவர்கள் வியாபாரம், வேண்டியவர்கள் சாப்பிடட்டும். ஆனால் ஒருவர் மார்க்கத்துக்காகக் கேட்கும்போது, கூட்ட நேரத்தில் குசினிக்குப் போய்வர அலுப்பு என்பதற்காக வாயில் வந்ததைச் சொல்லலாமா?

பிள்ளை சத்தம் போடவில்லை. எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார், மறுகா எதையும் தொடவில்லை. அவருக்காக வைத்த விருந்து அது.

இதற்குள் எங்கள் மனேஜர் ஐயாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வெள்ளி விரதக்காரர், மரக்கறி டம்ப்ளிங்கில் ஏறக்குறைய ஒரு கூடையை முடித்திருந்தார். “அப்ப இதுக்குள்ள என்ன தம்பி?” என்று கேட்டார். கோவா, காளான், கரட், கொஞ்சம் ஒய்ஸ்டர் சோஸ். ஒய்ஸ்டர் என்றால் சிப்பி, சோஸ் அதன் சாற்றில் செய்வது. ஐயா கூடையை மெதுவாக மேசையின் நடுப்பக்கம் தள்ளிவைத்தார். வேறு நாளாக இருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

இனி பில். கெஷியர் மன்னிப்புக் கேட்டு ஐஸ்கிரீம் தருவதாகச் சொன்னவர், பில்லில் அந்த இறால் கூடையையும் போட்டிருந்தார். சாப்பாடு 18,500 ரூபாய். அதற்கு 10 வீதம் சேவைக் கட்டணம், 1,850. இரண்டையும் கூட்டி அதற்குமேல் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி), 3,663. மொத்தம் 24,013. வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம்தான், அதில் பிழை இல்லை. ஆனால் வற் அறவிடுகிற கடை வற்றுக்குப் பதிந்திருக்க வேண்டும், பில்லில் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். எங்களுக்குத் தந்தது கொப்பித் தாளில் பேனையால் எழுதிய கணக்கு, கடைப்பெயர்கூட இல்லை. பதிவு இலக்கம் எங்கே என்று கேட்டதும் கம்பியூட்டர் வேலை செய்யவில்லை என்றார். பக்கத்தில் அதே கம்பியூட்டரில் இன்னொரு மேசைக்குப் பில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர்ப் போத்தலிலும் கை வைத்திருந்தார்கள். போத்தலில் அச்சிட்ட விலை ஒன்று, பில்லில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம், ஏசி போட்ட கடை என்று அதற்கு விலக்கு இல்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு இறால் கூடையையும் வற்றையும் கழித்தார்கள். எழுதிய தாளைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அந்தத் தாள்தான் இப்போது முறைப்பாட்டோடு போயிருக்கிறது.

டம்ப்ளிங் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் “பன்றி இருக்கா” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். கொழுப்பு எது, எந்த எண்ணெய், சமையல் வைன் ஊற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். சீனச் சமையலில் இறைச்சியின் வாடை போக அரிசி வைன் சேர்ப்பது சாதாரணம். உள்ளே சூப் இருக்கும் டம்ப்ளிங் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சூப்பை அப்படியே மாவுக்குள் ஊற்ற முடியாது. வழமையாகப் பன்றித் தோலை வேகவைத்து எடுத்த சாற்றைக் குளிரவைத்து ஜெலியாக்கி, கலவையோடு சேர்த்து மடிப்பார்கள். அவிக்கும்போது அது உருகிச் சூப்பாகும். மெனுவில் கோழி என்று இருந்தாலும் ஜெலி எதில் செய்தது என்று கேட்காமல் விடாதீர்கள். ஹலால் என்று சொன்னால் சான்றிதழைக் காட்டச் சொல்லி, முடிவுத் திகதியையும் பாருங்கள். வெயிட்டர் நின்ற இடத்தில் நின்று பதில் சொன்னால் குசினிக்காரரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பில் கேட்டால் தர வேண்டும், 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது இருக்கிறது. அந்த அதிகார சபைக்கு முறைப்பாடு சொல்ல அழைக்கும் இலக்கம் 1977. எழுத்தில் கொடுப்பதென்றால் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆறப்போட்டால் எடுக்க மாட்டார்கள். குசினி சுத்தம், பழுதான சாப்பாடு என்றால் உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கள்.

கடையின் இணையப் பக்கத்தில் நான் போட்ட கருத்தை அன்றிரவே அழித்துவிட்டார்கள். பிறகு ஒருவர் அழைத்து, குடும்பத்தோடு வாருங்கள், சாப்பாடு எங்கள் செலவு என்றார். இறால் டம்ப்ளிங்குக்குப் பக்கத்தில் பன்றி சேர்ந்தது என்று மெனுவில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், இந்தப் பதிவின் கீழேயே அந்த மெனுவின் படத்தைப் போடுகிறேன் என்றேன். முதலாளியிடம் சொல்வதாகச் சொல்லி வைத்தவர்தான். மெனு இன்னும் மாறவில்லை என்று போன கிழமை அங்கே போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.